கண்ணை மூடி ஒற்றைக்காலில் நில்லுங்கள்

வாலிபால் ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர் வந்திருந்தார். இரண்டு வருடத்தில் அதே வலது கணுக்காலில் நான்காவது சுளுக்கு. "எலும்பே வீக் சார் எனக்கு" என்றார். வீக்கம் வடிந்து, நடையும் சரியாகத்தான் இருந்தது. கண்ணை மூடி வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னேன். ஐந்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டார். இடது காலில் இருபதைத் தாண்டியும் நின்றார்.

எலும்பில் குறை இல்லை. கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் டேலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் தரையில் பதிந்திருக்கும்போது அந்த அகலமான பகுதி, காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகி நிற்கும். நுனிக்காலில் நிற்கும்போது குறுகலான பகுதி அங்கே வருவதால் மூட்டு கொஞ்சம் லூசாகிவிடும். ஸ்மாஷ் அடித்து இறங்குகிறவரின் விரல்தான் முதலில் தரையைத் தொடும். கீழே இன்னொருவர் பாதம் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாதம் உள்ளே மடங்கி, வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வு இழுபடும், சில சமயம் கிழியும்.

அந்த ஜவ்வுக்குள் நரம்பு முனைகளும் இருக்கின்றன. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஜவ்வு சேதமானால் இந்தத் தகவலும் கெடும் என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஃப்ரீமன் 1965-லேயே எழுதினார். தகவல் தாமதமானால், பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய தசையும் தாமதமாகத்தான் விழிக்கும். வலி போனதும் களத்துக்குத் திரும்புகிறவருக்கு மறுபடி மறுபடி பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போகாதீர்கள் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. என் அப்பாவே கேட்டதில்லை. ஆனால் முதல் நாளே நீவி, சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். உள்ளே முறிவு இருக்கலாம். வீக்கத்தின் அளவை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. கனடாவில் 1992-இல் வெளியான ஒட்டாவா விதிகளைத்தான் நாங்கள் பார்ப்போம். அடிபட்டதும் சரி, பரிசோதிக்கும்போதும் சரி, நான்கு காலடி எடுத்து வைக்க முடியவில்லையா? உள்கணு, வெளிக்கணு இரண்டின் பின்விளிம்பில், கீழிருந்து 6 செ.மீ. வரை எங்காவது எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே துருத்தும் எலும்பிலும், உள்பக்கம் பாத வளைவின் மேலுள்ள எலும்பிலும் அப்படித்தானா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

முறிவு இல்லையென்றால் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றலாம். ஊன்றப் பழகியதும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி, பிறகு தலையணை மேல். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் வேண்டும். குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட, பாதத்தைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். அடிபட்ட கால் பெரும்பாலும் பின்தங்கியிருக்கும். குதித்து இறங்குவது கடைசியில்தான். களத்துக்குத் திரும்பும்போது ஆங்க்கிள் பிரேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) போட்டுக்கொண்டால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு குறையும்.

அந்த மாணவருக்கு இது ஐந்தாவது வாரம். வலது காலில் பதினெட்டு வரை நிற்கிறார். "ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கு சார்" என்றார். ஸ்கோர் எழுத ஆள் தேவைப்படுமே என்றேன்.