இணைப்பு இணைப்பாக வரும்

போன வாரம் மாமா போன் பண்ணிக் கேட்டார்: "மாப்ளே, இணைப்பு மூணு இருக்கு. எதை அமுக்கணும்?"

மாமாவுக்கு வயது 71. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதுதான் முதல்முறையாக மெயில் பார்க்கப் பழகுகிறார், லேப்டாப்பில், ஒற்றை விரலால். காப்பீட்டு அலுவலகம் ஒன்றிலிருந்து தமிழிலேயே மெயில் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். "இணைப்பில் உள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும். மேலும் விவரங்களுக்கு இந்த இணைப்பைச் சொடுக்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். இவர் இரண்டாவதைச் சொடுக்க, திரையில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வந்துவிட்டது. கரண்ட் பில் கட்டாமல் விட்டுவிட்டோமோ என்று நிமிர்ந்து பார்த்தாராம். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

முதல் இணைப்பு அட்டாச்மென்ட், இரண்டாவது லிங்க், மூன்றாவது நெட் கனெக்‌ஷன். மூன்றுக்கும் ஒரே சொல். இதை நான் பத்து வருஷமாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், மாமா ஃபேனை நிமிர்ந்து பார்த்த கதையைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் வேர் ரொம்பச் சின்னது. இணை என்றால் ஜோடி, இரட்டை. இணையடி என்றால் இரண்டு பாதங்கள். இணைத்தல் என்றால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தல், அதிலிருந்து இணைப்பு. இங்கிலீஷில் அட்டாச் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, முளையடித்துக் கட்டிவைப்பது என்று பொருள். அதனால்தான் சட்டத்தில் அட்டாச்மென்ட் என்றால் ஜப்தி. "மெயில்ல ஒரு அட்டாச்மென்ட் வந்திருக்கு மாமா" என்று நான் முதல் நாள் சொன்னபோது, முப்பது வருஷம் ஜப்தி ஆர்டர் எழுதிய மனுஷர் "யார் மேல?" என்று கேட்டார்.

அட்டாச்மென்ட்டுக்கு இணைப்பு என்பது தப்பே இல்லை. என் கட்சி அதுதான். இன்டர்நெட் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம் அலுவலகக் கடிதங்களில் அந்தச் சொல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிய யாருக்கும் அனுப்புநர், பெறுநர், பொருள் தெரியும். ஆபீஸ் கடிதமாக இருந்தால் பொருளுக்குக் கீழே பார்வை, அதாவது எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்பது. கடைசியில் இணைப்பு, அதன் கீழே நகல். மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள், எல்லாம் அப்படியே இருக்கும். ஃப்ரம், டு, சப்ஜெக்ட், சிசி, அட்டாச்மென்ட். மாமாவுக்கு இதை இப்படிச் சொன்னதும் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். சிசி என்பது கார்பன் காப்பி என்றதும் சிரித்தேவிட்டார், அவர் டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடித்தவர். பிசிசிக்கு, அதாவது பிளைண்ட் கார்பன் காப்பிக்கு, எங்கேயோ "குருட்டு நகல்" என்று போட்டிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிற நகல், மறைநகல் என்றால் முடிந்தது. யாருக்கு இங்கே கண் தெரியவில்லை?

சரி, அது வேறு சண்டை. அலுவலகத்தை விடுங்கள், பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகை வாங்கியவர்களுக்கும் இணைப்பு என்றால் என்னவென்று தெரியும். "இலவச இணைப்பு கேட்டு வாங்குங்கள்" என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். ஷாம்பு பாக்கெட்டோ கோலப் புத்தகமோ, பத்திரிகையோடு கூடவே கைக்கு வரும். கூடவே வருவதுதான் இணைப்பு. எங்கேயோ ஒரு கடையில் இருக்கிறது, இந்த விலாசத்துக்குப் போய் வாங்கிக்கொள் என்றால் அதை எவனாவது இணைப்பு என்பானா?

லிங்க் என்பது அந்த விலாசம்தான். தொழில்நுட்பத்திலும் அப்படியே. ஆரம்பத்தில் மெயில் என்றால் வெறும் எழுத்துதான் போகும், அதுவும் இங்கிலீஷ் எழுத்து. 1992-ல் மைம் என்கிற முறையை நதேனியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த பிறகுதான் படமும் பாட்டும் ஒழுங்காகக் கூடச் சேர்ந்து போக ஆரம்பித்தன. நீங்கள் சேர்க்கிற படத்தை எழுத்துகளாக மாற்றி மெயிலுக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள், அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடவும் செய்யும். ஆக அட்டாச்மென்ட் நிஜமாகவே உறைக்குள் இருக்கிறது. லிங்க்கில் ஒன்றுமே இல்லை, கையை நீட்டி "அதோ அங்கே" என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

கையை நீட்டிக் காட்டுவதற்குத் தமிழில் பெயரா இல்லை? சுட்டு. அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே. லிங்க்குக்குச் சுட்டி என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார், "மவுஸுக்குத்தான் சுட்டி" என்று. பாடப்புத்தகத்தில் இருக்கலாம். வீட்டில் யாராவது "சுட்டியை எடு" என்று கேட்டு மவுஸ் வந்திருக்கிறதா? குறும்புக்காரப் பையன்தான் ஓடிவருவான். மவுஸே மேஜையிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாரும் விரலால் தேய்க்கிறார்கள், அதற்காக ஒரு நல்ல சொல்லைப் பூட்டி வைக்க வேண்டுமா?

இன்னொரு கட்சி தொடுப்பு என்கிறது. இலக்கணப்படி குறையில்லை, பூத்தொடுப்பது போலப் பக்கங்களைத் தொடுப்பது, அழகுதான். ஆனால் "அவருக்கு அந்த ஊர்ல ஒரு தொடுப்பு இருக்கு" என்று எங்கள் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அது எதைப் பற்றி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 71 வயது மனுஷரிடம் போய் "உங்களுக்குத் தொடுப்பு அனுப்பியிருக்கேன்" என்று நான் சொல்வதா? அத்தை பக்கத்தில் இருக்கும்போது? தனித்தமிழ் ஆர்வலர்கள் சொல் உண்டாக்குகிற அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.

இங்கிலீஷ் லிங்க் என்பது சங்கிலியின் ஒரு வளையம். அதற்கு நம்மிடம் அசல் சொல், கண்ணி. கண்ணி என்றால் பறவை பிடிக்க வைக்கிற பொறியும்தான். உங்கள் ஏடிஎம் கார்டு முடக்கப்பட்டது, உடனே கீழே தொடவும் என்று வருகிறதே, அந்த லிங்க்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எல்லா லிங்க்கையும் கண்ணி என்று சொன்னால் பயந்து எவரும் தொடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் சிக்கல்.

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று நினைத்தால் இந்த எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள்: "அறிமுகமில்லாத இணைப்புகளைத் திறக்க வேண்டாம்." எதை? படிவத்தையா, லிங்க்கையா? தெரியாத ஆள் அனுப்பிய கோப்பைத் திறப்பது திருடனை வீட்டுக்குள் விடுவது மாதிரி. தெரியாத லிங்க்கைத் தொடுவது நாமாகவே திருடன் வீட்டுக்கு நடந்து போவது. இரண்டுக்கும் காவல் வேறு. மாமா இரண்டுக்கும் பயந்து, நிஜமான படிவத்தையும் திறக்காமல் மூன்று நாள் வைத்திருந்தார்.

உச்சம் எதுவென்றால், ஜிமெயிலில் அட்டாச்மென்ட் 25 எம்பியைத் தாண்டினால் அது தானாகவே கூகுள் டிரைவ் என்கிற இணையக் கிடங்கில் ஏறி, லிங்க்காக மாறிப் போகும். இப்போதைய தமிழில் இதைச் சொல்லிப் பாருங்கள். இணைப்பு பெரிதாக இருந்தால் இணைப்பு இணைப்பாக அனுப்பப்படும். இணைப்பு மெதுவாக இருந்தால் நேரமாகும்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை என்றும் தெரிகிறது. அவர்கள் கைக்கு முழு மெயில் பக்கம் வருவதில்லை, துண்டு துண்டாகச் சொற்கள்தான் ஒரு அட்டவணையில் வருகின்றன. ஒரு வரிசையில் அட்டாச்மென்ட், நாற்பது வரிசை தள்ளி லிங்க், இன்னும் கீழே கனெக்‌ஷன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. ஆனால் முடிந்தபிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கணினி தெரியாத ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம் இல்லையா? சுட்டி பிடிக்கவில்லை என்றால் லிங்க் என்றே எழுதுங்கள். பஸ் இருக்கிறது, டீ இருக்கிறது, லிங்க்கும் இருந்துவிட்டுப் போகட்டும். இணைப்பை மட்டும் அதன் பழைய சொந்தக்காரனிடம் விட்டுவிடுங்கள்.

நேற்று மாமாவிடமிருந்து எனக்கு முதல் மெயில் வந்தது. அனுப்புநர், பெறுநர் முகவரி, ஐயா, பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. படிவத்தைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொண்டு, அடியில் "இணைப்பு: 1" என்று போட்டிருந்தார். கோப்பு எதுவும் இல்லை. நானும் அவர் முறையிலேயே பதில் போட்டேன்: "பார்வையில் காணும் தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள இணைப்பு வரப்பெறவில்லை." ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது, நகல் அத்தைக்கு.