மட் கான்ஃபிக்கில் ரெஜெக்ஸ் தப்பினால் மெயில் வேறு ஆளுக்குப் போகும்

டெர்மினலில் மட் (Mutt) என்கிற மெயில் ப்ரோகிராம் வைத்து மெயில் பார்க்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் முக்கால்வாசி 'கலர் வரவில்லை' ரகம். அது போகட்டும், வராவிட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் பயப்படுவது கான்ஃபிக் ஃபைலில் உள்ள ஆல்டர்னேட்ஸ் (alternates) வரிக்குத்தான்.

உங்களுடைய மற்ற முகவரிகள் எவை என்று மட்டுக்குச் சொல்லும் வரி அது. அங்கே போடுவது வெறும் முகவரி இல்லை, ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் பேட்டர்ன். குமார்@ என்று எழுதிவிட்டால் ராம்குமார்@, சிவகுமார்@ எல்லாமே பொருந்தும், ஏனென்றால் தொடக்கத்தைக் குறிக்கும் ^ முன்னாலும் முடிவைக் குறிக்கும் $ பின்னாலும் போடாதவரை நடுவில் எங்கே இருந்தாலும் அதற்குச் சம்மதம்தான். அப்புறம் எல்லோருக்கும் ரிப்ளை கொடுக்கும்போது, இதுவும் இவர் முகவரிதானே என்று சிவகுமாரைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ராம்குமார் அனுப்பிய மெயிலுக்கு ரிப்ளை அடித்தால் இன்னும் மோசம்: அதை நீங்களே அனுப்பியதாக நினைத்துக்கொண்டு, அந்த மெயில் யாருக்கு வந்ததோ அவர்களையே பெறுநராகப் போடும். டிஃபால்ட் செட்டிங்கிலேயே இப்படித்தான். எர்ரர் எதுவும் வராது.

அடுத்தது பேக்ஸ்லாஷ். ரெஜெக்ஸில் வெறும் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், அதைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ள \. போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கான்ஃபிக் ஃபைலை முதலில் படிப்பது ரெஜெக்ஸ் எஞ்சின் இல்லை, வரிகளைப் பிரித்துப் படிக்கும் மட்டின் சொந்தப் பார்சர். இரட்டை மேற்கோளுக்குள் இருந்தாலும் சரி, மேற்கோளே இல்லாவிட்டாலும் சரி, ஒரு பேக்ஸ்லாஷை விழுங்கிவிட்டுத்தான் எஞ்சினிடம் கொடுக்கும், அதனால் அங்கே \\. என்று எழுத வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் தொடாது. இத்தோடு முடிந்தால் பரவாயில்லை! சென்ட் ஹூக் (பெறுநரைப் பார்த்து செட்டிங் மாற்றுவது), இன்டெக்ஸ் கலர் (மெயில் பட்டியலுக்கு நிறம் கொடுப்பது) மாதிரி வரிகளில் பேட்டர்ன் இன்னொரு தடவை பார்ஸ் ஆகிறது. ஒற்றை மேற்கோளிலேயே \\. தேவை, இரட்டையில் \\\\. வரை போகும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதுதான் சரி.

எண்ணைப் பொருத்தப் பழக்கதோஷத்தில் பேக்ஸ்லாஷ் டி (\d) போடாதீர்கள், இரட்டை மேற்கோளுக்குள் அது வெறும் டி எழுத்தாகிவிடும். [0-9] போதும். இன்னொன்று, பேட்டர்னில் ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் பெரியது சிறியது பார்த்துத்தான் தேடும்.

சோதிக்க ஃபைலையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மட்டுக்குள் : அழுத்தி, செட் போட்டு, வேரியபிள் பெயருக்கு முன்னால் ? சேர்த்தால் அதில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். ஆல்டர்னேட்ஸுக்கு, பட்டியலை வடிகட்டும் லிமிட்டில் ~ போட்டுப் பெரிய எழுத்து பி (~P) கொடுங்கள்: நீங்கள் அனுப்பியவை என்று மட் நம்பும் மெயில்கள் மட்டும் வரும். அதில் அடுத்தவர் மெயில் ஒன்று இருந்தாலும் ரெஜெக்ஸை இறுக்க வேண்டும். திருத்திவிட்டு ஃபைலை மறுபடி சோர்ஸ் செய்தால் (மட்டுக்குள்ளிருந்தே படிக்க வைத்தால்) மட்டும் பழைய வரி போகாது, புதியது கூடச் சேரும், அவ்வளவுதான். முதலில் அன்ஆல்டர்னேட்ஸ் * கொடுங்கள், இல்லையென்றால் மட்டை மூடித் திறந்துவிடுங்கள்.