சிரிக்க வைத்தவர் அனுப்பிய லோயர் கடிதம்

அந்த நகைச்சுவைக் கலைஞரை எனக்கு நிறையப் பிடிக்கும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு கையெழுத்துக்காக மேசை மேசையாக அலையவிடும் அதிகாரி, கலியாண வீட்டில் வெளிநாட்டுக் காசைக் காட்டும் மாமா என்று எங்கள் மனிதர்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார். அதனால்தான், அவர் சார்பில் வந்த கடிதத்தை ஒரு தாய் கிளிநொச்சியில் சட்டத்தரணியான என் மேசையில் வைத்தபோது மனம் கசந்தது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

அந்தத் தாயின் மகன் அந்தக் கலைஞரைப் போலவே பேசி நடித்து, அவர் நடித்த ஒரு விளம்பரத்தைப் பகிடி பண்ணிச் சின்ன வீடியோ போட்டிருக்கிறான். அவ்வளவுதான். பதிவுத் தபாலில், ஆங்கிலத்தில் கடிதம்: 14 நாட்களுக்குள் அழித்து மன்னிப்புக் கேட்காவிட்டால் 50 இலட்சம் ரூபா நட்டஈடு. வீட்டில் விளங்கியது அந்தத் தொகை மட்டும். "பிடிச்சுக்கொண்டு போயிடுவினமோ?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். வன்னியில் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த வீடியோவுக்காகப் பிடிக்க மாட்டார்கள். அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டன. பொய்யை உண்மைபோலப் பரப்புவது வேறு விஷயம். அதற்கு 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. பேசும் பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு துண்டை எடுத்துப் போட்டிருந்தாலும், விமர்சனத்துக்கும் கருத்துரைக்கும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் விடுகிறது. எவ்வளவு எடுத்தோம், அது மூலப் படைப்பின் சந்தையைப் பாதித்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

கோரிக்கைக் கடிதம் நீதிமன்றக் கட்டளை அல்ல. 14 நாள் என்பது எழுதியவர் வைத்த கெடு. நீதிமன்றம் அனுப்புவது அழைப்பாணை. அது வந்தால் குறித்த திகதிக்குப் போயே ஆகவேண்டும். கட்டளை அல்ல என்பதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். உறையோடு வைத்திருங்கள். வீடியோவையும் பிரதி எடுத்து வையுங்கள். பயத்தில் ஃபோன் எடுத்துக் கெஞ்சவோ, அவர்கள் எழுதித் தருவதில் கையெழுத்து வைக்கவோ வேண்டாம். அந்தக் கையெழுத்தே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கலைஞருக்கும் உரிமை உண்டு. அவரது முழு வீடியோவையும் தூக்கித் தங்கள் சனலில் போட்டுக் காசு பார்க்கிறவர்கள் மேல் அவர் வழக்குப் போட்டால் நான் அவர் பக்கம்தான். ஆனால் இந்தப் பெடியனுக்கு? பதிப்புரிமை வழக்கென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். தவணைக்குத் தவணை கூலிவேலையை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். ஆகவே வழக்கில் வெல்லத் தேவையே இல்லை, கடிதமே காரியத்தை முடித்துவிடும். நான் பதில் எழுதுமுன்பே அவன் வீடியோவை அழித்துவிட்டான். இனி யாரையும் பகிடி பண்ண மாட்டானாம்.

அதிகாரியைப் பகிடி பண்ணலாம் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்ததே அந்தக் கலைஞர்தான். பதில் கடிதத்தில் சட்டத்தை மட்டும்தான் எழுத முடிந்தது. இங்கே ஒரு ரசிகையாகக் கேட்கிறேன்: அந்தக் கோரிக்கையை எழுத்திலேயே மீளப்பெறுங்கள், அவனுடைய அம்மா வாசிக்கக்கூடிய தமிழில்.