ஓர்ட்னுங்: ஆமிஷ் மக்களின் எழுதாத கட்டுப்பாடு

ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரை 'மின்சாரம் தொடாத மக்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நம் பத்திரிகை வழக்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில் உள்ள ஆமிஷ் தச்சுப் பட்டறைகளைப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். அங்கே டீசல் என்ஜின் அழுத்தித் தரும் காற்றின் விசையில் ரம்பமும் இழைப்பு எந்திரமும் ஓடும். ஊர் மின்கம்பியை இழுத்து வீட்டில் கட்டுவதுதான் ஆகாது. தொலைபேசியும் அப்படித்தான்: வீட்டுக்குள் கூடாது, வயலோரத்தில் மரக்கொட்டகை போட்டு அதற்குள் வைத்துக்கொள்ளலாம். எது ஆகும், எது ஆகாது என்று வரையறுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஓர்ட்னுங்.

சொல் ஜெர்மன். வேர் லத்தீன் 'ஓர்டோ', அதாவது வரிசை. தறியில் நூல்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசையைக் குறித்தே அது முதலில் வழங்கியது என்பது சொல்லாய்வாளர் கருத்து. இன்றைய ஜெர்மானியருக்கு ஓர்ட்னுங் அன்றாடச் சொல், 'எல்லாம் சரிதானே?' என்று கேட்கவே அது போதும். அதற்குச் சமயப் பொருள் ஏறியது பதினாறாம் நூற்றாண்டில். 1525இல் சூரிச் நகரில், குழந்தைப் பருவத்து ஞானஸ்நானம் செல்லாது, விவரமறிந்த வயதில் தானாகக் கேட்டுப் பெறுவதே செல்லும் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. அவர்கள் வழிவந்த சுவிஸ் மூப்பர் யாக்கோப் அம்மான் 1693இல் கட்டுப்பாட்டைக் கறாராக்கப் போய்ச் சபை இரண்டானது. அம்மான் பக்கம் நின்றவர்களே ஆமிஷ். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியவர்கள் இந்தச் சொல்லையும் கொண்டுபோனார்கள்.

பழைய கூட்டங்களில் எழுதிவைத்த ஒழுங்குக் கடிதங்கள் சில உண்டு. ஆனால் இன்று பெரும்பாலும் ஓர்ட்னுங் வாய்மொழிதான். ஏறத்தாழ 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை வட்டம். கோயில் கட்டடம் இல்லை, ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் ஆராதனை. ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், நற்கருணைக்கு முன்பு சபை கூடும். பிஷப் ஓர்ட்னுங்கை எடுத்துச் சொல்ல, ஆணும் பெண்ணுமாக உறுப்பினர் அனைவரும் சம்மதம் சொல்ல வேண்டும். மனத்தாங்கல் தீராவிட்டால் நற்கருணையே தள்ளிப்போகும்.

வட்டத்துக்கு வட்டம் இது மாறுவதுதான் வேடிக்கை. லான்காஸ்டரில் குதிரைவண்டியின் கூடு சாம்பல் நிறம்; ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பு. பென்சில்வேனியாவின் பிக் வேலி என்ற ஒரே பள்ளத்தாக்கில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என மூன்று நிறக் கூடுகள், மூன்று தனித்தனிப் பிரிவுகள். ஹோம்ஸில் சைக்கிள் மிதிக்கிறார்கள். லான்காஸ்டரில் அது கூடாது, காலால் உந்தும் ஸ்கூட்டர் போதும். சைக்கிள் ஆளை வீட்டிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விடும் என்பது காரணம். ரோமர் 12:2ஐ எடுத்துக்காட்டுவார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்று வருமே, அதே வசனம். உடை முதல் வண்டி வரை வேஷத்தில் இவ்வளவு கவனம் ஏன் என்பது அந்த ஒரு தொடரிலேயே அடங்கிவிடுகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'சட்டம்' என்றால் புத்தகமும் தண்டனையும் நினைவுக்கு வரும். 'ஒழுங்கு' சொற்பொருளுக்கு நெருக்கம். அதற்கும் வரிசை என்ற பொருள் உண்டு. ஆனால் 'சபை ஒழுங்கு' என்றதும் நம் கிறித்தவ வாசகருக்கு அச்சிட்ட விதிப்புத்தகம் தோன்றக்கூடும். எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்தது, கூடிப் பேசி ஒப்புக்கொண்டது, மீறினால் ஊர் கேட்கும் என்ற மூன்றையும் ஒருசேரச் சொல்ல நம்மிடம் இருப்பது 'கட்டுப்பாடு', அதாவது ஊர்க்கட்டுப்பாட்டில் உள்ள கட்டுப்பாடு. எனவே 'சபைக் கட்டுப்பாடு' என்பதே என் தேர்வு.

ஒரு எச்சரிக்கை தேவை. நம் ஊர்க்கட்டுப்பாட்டில் சாதியின் நிழல் உண்டு. பிறப்பாலேயே அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஓர்ட்னுங் அப்படியல்ல. வளர்ந்த பிறகு வாக்குக் கொடுத்து ஞானஸ்நானம் பெற்றவரையே அது கட்டும். பெறாமல் வெளியேறும் பிள்ளையை ஒதுக்குவதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவருக்குத்தான் 'மைடுங்'. கறாரான சபைகளில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடமாட்டார்கள், அவர் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார்கள். சபைமுன் மண்டியிட்டுத் தவற்றை ஒப்புக்கொண்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இதை 'ஊர்விலக்கு' என்று எழுதுவதைவிட 'ஒதுக்கிவைத்தல்' என்று எழுதலாம். ஆளை ஊரைவிட்டு விரட்டுவதில்லை, பெரும்பாலும் அதே வீட்டில் தனி மேசை போடுகிறார்கள்.