கருந்துளையும் கரும்பொருளும்: இரண்டும் ஒரே ‘கரு’வா?

ஒளியும் தப்ப முடியாத பிளாக் ஹோலுக்குக் கருந்துளை, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் டார்க் மேட்டருக்குக் கரும்பொருள் என்று எழுதிப் பழகிவிட்டோம். முதல் சொல்லில் எனக்குக் குறை இல்லை. இரண்டாவதில்தான் இடிக்கிறது.

கருமை + துளை = கருந்துளை. பண்புத்தொகை, கருந்தேள் மாதிரி. சிலர் கருங்குழி என்றும் எழுதுகிறார்கள். புல்லாங்குழலில் இருப்பது துளை, நிலத்தில் தோண்டுவது குழி. உள்ளே விழுந்தது மறுபக்கம் வராது என்பதால் குழியே பொருத்தம் என்று வாதாடலாம். ஆனால் வழக்கு துளையின் பக்கம் சாய்ந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

சொல்லுக்கு வெகுகாலம் முன்பே கருத்து பிறந்துவிட்டது. சூரியனின் அடர்த்தியும் அதைப்போல் 500 மடங்கு விட்டமும் கொண்ட ஒரு விண்மீன் இருந்தால் அதிலிருந்து ஒளி தப்பாது என்று 1783இல் கணக்குப் போட்டார் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1916இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கார்ல் சுவார்ட்சைல்டு கண்ட தீர்வின்படி, சூரியனைச் சுமார் 3 கி.மீ. ஆரத்துக்குள் நெருக்கினால் அதற்கும் அதே கதிதான். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த இளைஞர் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு, அதை மீறினால் அது மேலும் குலையும் என்று கண்டார். இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் 1935இல் அதை வெளிப்படையாகவே எள்ளி நகையாடினார்.

அப்போதெல்லாம் இதற்கு நிலையான பெயர் இல்லை. சோவியத் அறிவியலாளர்கள் ‘உறைந்த விண்மீன்’ என்றார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, சுருங்கும் விண்மீன் ஓர் எல்லையில் அப்படியே நின்றுபோனதாகத் தோன்றும் என்பதால். 1967இல் நியூயார்க்கில் பேசிய அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர், ‘ஈர்ப்பினால் முற்றிலும் குலைந்த பொருள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் ‘பிளாக் ஹோல் என்றே சொல்லிவிடலாமே’ என்றாராம். இது வீலரே சொன்ன கதை. ஆனால் 1964இலேயே அந்தச் சொல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் அச்சேறிவிட்டது. அதற்கும் முன்னால், ராபர்ட் டிக்கி என்ற இயற்பியலாளர் இதைக் கல்கத்தா கோட்டையின் இருட்டுச் சிறையோடு ஒப்பிட்டுப் பேசியதாக உடனிருந்தவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1756இல் உள்ளே அடைக்கப்பட்ட கைதிகள் பலர் இறந்த நிகழ்ச்சியால் ‘பிளாக் ஹோல்’ என்றே பெயரெடுத்த சிறை அது. வீலர் சொல்லைப் பெற்றவர் அல்லர், வளர்த்தவர்.

அப்புறம் சான்றுகள் வந்தன. 2015 செப்டம்பர் 14 அன்று, இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்ததில் எழுந்த ஈர்ப்பலை, அதைப் பிடிக்கவே அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவிகளில் பதிவானது. 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழல் படமாகவே வெளிவந்தது.

சரி, கரும்பொருள். 1933இல் கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்த வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்துக்கு அந்தக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும் என்று கண்டார். பிடித்துவைத்திருப்பது எது? ‘துங்க்லெ மட்டேரியெ’ என்று ஜெர்மனில் எழுதினார், இருண்ட பொருள் என்று. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, வெளி ஓரத்தில் சுற்றுபவையும் வேகம் குறையாமல் சுற்றின. கண்ணுக்குத் தெரியாத நிறை அங்கேயும் தேவைப்பட்டது. இடையில் ‘காணாமல் போன நிறை’ என்றும் ஒரு பெயர் உலவியது. நிறை காணாமல் போகவில்லை, ஒளியைத்தான் காணோம்!

கருந்துளை ஒளியை விழுங்குகிறது, அதனால் ‘கரு’ சரி. டார்க் மேட்டரோ ஒளியை விழுங்குவதும் இல்லை, உமிழ்வதும் இல்லை. ஒளி அதனூடே போய்விடுகிறது. கறுப்பு என்பதைவிடக் கண்ணாடிபோல் தெளிவானது என்பதே உண்மைக்கு நெருக்கம். போதாக்குறைக்கு ஓரெழுத்து மாறினால் கரும்பொருள் ‘கருப்பொருள்’ ஆகிவிடும். அது திணை இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று படித்தது. இன்று கதைக்கும் மாநாட்டுக்கும் சொல்வது. எனவே என் தேர்வு ‘புலப்படாப் பொருள்’. அது நீளம் என்பவர்கள் ‘இருண்ட பொருள்’ என எழுதலாம், சுவிக்கியின் சொல்லுக்கும் நேரானது.

இரண்டு சொற்களும் ஒன்றையே சுட்டக்கூடிய ஓர் இடமும் உண்டு. பேரண்டத்தின் தொடக்கத்திலேயே சிறு கருந்துளைகள் உருவாகியிருக்கலாம் என்று 1971இல் ஸ்டீபன் ஹாக்கிங் எழுதினார். புலப்படாப் பொருளில் ஒரு பங்காவது அவைதானா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.