மூன்று பேர் சொன்னால் கேள்வி மூடும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம். தே தாரேக் என்கிற இழுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அக்கா மகள் அதைத் தொடவே இல்லை. "பாருங்க மாமா, என் கேள்விய மூடிட்டாங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வருகிறது, நமக்கோ 3 எழுத்து. ஏன்? இதுதான் அவள் கேள்வி. கணினி அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது, ஐந்தையும் எண்ணுகிறது. அவள் கேட்ட தளத்தில் 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று சொல்லி, பிரெஞ்சு எழுத்தின் தலையில் வரும் சாய்கோட்டைப் பற்றிய ஒரு பழைய கேள்விக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள்.

"பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

மூடுவது என்றால் அழிப்பது இல்லை. கேள்வியும் அதுவரை வந்த பதில்களும் அப்படியே இருக்கும், புதுப் பதில் மட்டும் போட முடியாது. இந்த முறைக்குப் பெயர்போனது, ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம். பின்னால் தேடி வரப்போகிறவர்களுக்கு ஒரே இடத்தில் நல்ல பதில் கிடைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். ஆக, பழைய உறுப்பினருக்கு அது நூலகம். அவசரத்தில் கேட்க வந்தவருக்குக் கிளினிக் கவுண்டர். சண்டையில் பாதி இங்கேயே பிறந்துவிடுகிறது.

மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. எனக்கு அதுதான் சுவாரசியம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 3,000 நன்மதிப்புப் புள்ளி சேர்த்தவர் மூடச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஆரம்பத்தில் 5 ஓட்டு வேண்டியிருந்தது. மூடலாமா என்று பரிசீலிக்க வேண்டிய கேள்விகளின் வரிசை நீண்டு, ஐந்து சேர்வதற்குள் பல ஓட்டுகள் காலாவதியாகிக்கொண்டிருந்தன, அதனால் 2019இல் 3 போதும் என்றாக்கினார்கள். (ஒரு துறையில் தங்கப் பதக்கம் வாங்கியவர் 'இது பழைய கேள்வி' என்று தனி ஆளாகவே மூடிவிடலாம், அது தனிக் கதை.) 'திறந்தே இருக்கட்டும்' என்று சொல்லவும் வழி உண்டு. ஆனால் அப்படிச் சொன்னால் கேள்வி பரிசீலனை வரிசையிலிருந்துதான் விலகும், ஏற்கெனவே விழுந்த ஓட்டு கழியாது. தராசில் ஒரு தட்டில் மட்டும் எடை வைக்கிற மாதிரி.

இதன் விளைவைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுரிமை உள்ள 9 பேர் ஒரு கேள்வியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார், மூடச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். அதாவது பெரும்பாலோர் திறந்திருக்கட்டும் என்கிற கட்சி. 5 ஓட்டு விதியில் அந்தக் கேள்வி மூடப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம். 3 ஓட்டு விதியில்? 62 சதவீதம்! பார்ப்பவர்கள் கூடக் கூட அது இன்னும் ஏறும். இதில் யாரும் சதி செய்யவில்லை, யாரும் கெட்டவர் இல்லை. மூடப்பட்டவர் "எல்லாரும் சேர்ந்து விரட்டுகிறார்கள்" என்று நினைக்கிறார். உண்மையில் மூன்று பேர் ஒத்துப்போனார்கள், அவ்வளவுதான்.

திறக்கவும் 3 ஓட்டுதான். ஆனால் மூடிய கதவைத் தட்டிப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

சரி, இவள் கேள்விக்கு வருவோம். பழைய கேள்வியின் பதிலில் இருந்த நிரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். 'தமிழ்' 3 என்று வந்தது. பிரெஞ்சுக் கோடும் நம் புள்ளியும் எழுத்தோடு ஒட்டும் குறிகள், கணினிக்கு ஒரே சாதிப் பிரச்சினைதான், மூடியவர்கள் சொன்னது சரி. அப்புறம் என்ன தோன்றியதோ, தோழியின் பெயரை அடித்தாள்: லக்ஷ்மி. 4 என்றது. க்ஷ் நமக்கு ஒரே எழுத்து. அந்த முறையோ க், ஷ் என்று இரண்டாக்கிவிட்டது. பிரெஞ்சுக் கேள்வியில் இதற்குப் பதில் இல்லை.

கேள்வியைத் திருத்தி லக்ஷ்மியைச் சேர்த்தாள். அந்தத் தளத்திலும் திறக்க 3 ஓட்டு வேண்டும். நாங்கள் காசு கொடுத்து எழுந்தபோது 1 விழுந்திருந்தது.