ராஜதந்திரம் என்றால் தந்திரமா?

ராயபுரத்தில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் ஒரு நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து ஆறு பேர் படிப்பார்கள். 2022 செப்டம்பரில், பாகிஸ்தானிடம் இருக்கும் அமெரிக்க எஃப்-16 போர் விமானங்களின் பராமரிப்புக்காக 45 கோடி டாலர் விற்பனைக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்த செய்தி வந்திருந்தது. நடுத்தாளை வைத்திருந்த பிளஸ் டூ பையன், அதில் 'ராஜதந்திரம்' என்ற சொல்லைப் பார்த்துத் தலைநிமிர்ந்து கேட்டான்: "அண்ணா, ராஜதந்திரம்னா ஏமாத்துறதா?"

அவன் மேல் தப்பில்லை. தந்திரம் என்றதும் நமக்கு நரிதான் நினைவுக்கு வருகிறது. வடமொழியில் அப்படி இல்லை. இழுத்து நீட்டுதல் என்ற பொருளுள்ள 'தன்' என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. தறியையும் பாவு நூலையும் குறித்து, பிறகு ஒழுங்காகக் கட்டிய எந்த முறைக்கும் பெயரானது. ஆக, ராஜதந்திரம் என்பது அரசு நடத்தும் முறை. தமிழுக்கு வந்த பிறகு முறை தேய்ந்து வஞ்சனை மிஞ்சியது.

நம் சொந்தச் சொல்லுக்கும் இதே கதிதான். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்கிறது குறள் (671). அங்கே சூழ்ச்சி என்றால் கூடி ஆராய்வது. 'சூழ்வார்' என்றால் மன்னனுக்கு ஆலோசனை சொல்லும் அமைச்சர். ஒன்றைச் சுற்றிவந்து எல்லாப் பக்கமும் பார்ப்பதுதான் சூழ்தல். இன்றைக்கு சீரியல் வில்லி செய்வதற்குப் பெயர் சூழ்ச்சி.

சொல் இப்படித் திரிவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. கில்லாடியான ஆளைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்கிற பேச்சு இன்னும் போகவில்லை.

சரி, பக்கத்து நாட்டுக்கு இன்னொருவர் ஆயுதம் விற்றால் வளர்ந்துவரும் ஒரு நாடு என்ன செய்வது? பழைய பொருளில் சூழ வேண்டும். "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" (471). துணைவலி என்பது இரு பக்கத்துத் துணையையும் சேர்த்துத்தான். தூக்குவது என்றால் தராசில் வைத்து நிறுப்பது.

1954இல் அமெரிக்கா பாகிஸ்தானுடன் ராணுவ உதவி ஒப்பந்தம் செய்தபோது, இந்தியாவுக்கும் ஆயுத உதவி தரத் தயார் என்று ஐசன்ஹோவர் நேருவுக்கு எழுதினார். நேரு வேண்டாம் என்றார். 1965 போரில் பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க பேட்டன் டாங்குகள் நம் மீதே வந்தன. பஞ்சாபின் அசல் உத்தரில் அவற்றை நம் படை நொறுக்கியது. ஆக, அந்த ஆயுதம் நம் மேல் திரும்பும் என்ற அச்சம் கற்பனையல்ல.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 2005. மார்ச்சில் பாகிஸ்தானுக்கு எஃப்-16 விற்கப்போவதாக புஷ் அரசு அறிவித்தது. மன்மோகன் சிங் தம் ஏமாற்றத்தை நேரடியாகவே சொன்னார், ஆனால் பேச்சை முறிக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா–அமெரிக்கா அணுசக்தி ஒத்துழைப்புக்கான கூட்டறிக்கை வந்தது. 2008இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கோபத்தையும் சொல்லி, தனக்கு வேண்டியதையும் வாங்கியதை வஞ்சனை என்று எப்படிச் சொல்வது?

இப்போது நிறுக்க வேண்டிய துணையே மாறிவிட்டது. ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, 2020–24இல் பாகிஸ்தான் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 81 சதவீதம் சீனாவுடையது. வாஷிங்டனைத் திட்டுவதோடு நின்றால் தராசின் கனமான தட்டைப் பார்க்காமல் விட்டதாகும்.

அப்புறம், ராஜதந்திரத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? நாடுகளுக்கிடையிலான பேச்சு, தூது, உடன்பாடு என்றால் 'அரசுறவு' போதும். மதிநுட்பத்தைச் சொல்லும் இடத்துக்கு அது போதாது. அங்கே 'சூழ்வு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. சூழ்ச்சியை மீட்பது கடினம், கறை ஆழமாகிவிட்டது.

அன்று படிப்பகக் கரும்பலகையில் அந்தப் பையனே எழுதினான்: "ராஜதந்திரம் – அரசுறவு, சூழ்வு." அதன் கீழே, சின்ன எழுத்தில், "ஏமாற்றுவது அல்ல."